கொங்கு வீட்டுக்குப் பெரிய திரைத் தொலைக்காட்சி: செலவுக்கு எல்லை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கும் முறை

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும், அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், 32 அங்குலத் தொலைக்காட்சியையே பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த குடும்பங்களுக்கு இப்போது 50, 55 அங்குலப் பெட்டிகள் கைக்கெட்டும் விலைக்கு வந்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வரி நீங்கலாக 30,000 ரூபாய் விலையுள்ள பெட்டிக்கு முன்பு 8,400 ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்த இடத்தில் இப்போது 5,400 ரூபாய் கட்டினால் போதும். முதன்முறையாகப் பெரிய திரை வாங்கப்போகிறவர்களுக்காக, அதுவும் இவ்வளவுதான் செலவு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வாங்குகிறவர்களுக்காக, இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இந்த விலைப் பிரிவில் நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும், வீட்டுக்குள் வரும் சிக்னலின் தரமும், பழுதானால் ஊர் தேடி வரக்கூடிய சர்வீஸ் வசதியுமே முதலில் பார்க்க வேண்டியவை என்பது என் கருத்து. ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

இடத்தை அளந்துகொள்ளுங்கள்

பெட்டியின் மீது எழுதியிருக்கும் அங்குலம் திரையின் மூலைவிட்ட நீளமே தவிர அகலம் அன்று. 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர்; 55 அங்குலத் திரை ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் அகலமும் 69 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது; 65 அங்குலம் 144 சென்டிமீட்டர் வரை போகும். சட்டத்துக்கென்று ஓரிரண்டு சென்டிமீட்டரையும், காற்றோட்டத்துக்கென்று ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஹாலில் சிமெண்டிலோ மரத்திலோ கட்டிவைத்த ஷோகேஸ் உண்டு. அவற்றில் பழையவை 21 அங்குலப் பெட்டிக்காகவும், 2006ஆம் ஆண்டுக்குப் பின் அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிக்காகவும் அளவெடுத்துக் கட்டப்பட்டவை என்பதால், புதிய பெட்டி அவற்றுக்குள் நுழைவதற்கு வழியே இல்லை. ஷோகேஸை இடிப்பதா, எதிர்ச் சுவருக்கு மாற்றுவதா என்பதைப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, அமருமிடத்திலிருந்து திரை இருக்கப்போகும் சுவர் வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். 4கே எனப்படும் மிக நுணுக்கமான படத் தரத்தில் பார்ப்பதற்கு மூலைவிட்ட நீளத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான தூரம் இதமாக இருக்கும். அதன்படி 43 அங்குலத்துக்கு 6 அடி, 55 அங்குலத்துக்கு ஏழரை அடி, 65 அங்குலத்துக்கு 9 அடி என்று வைத்துக்கொள்ளலாம். நடுவே திறந்த தொட்டிமுற்றம் உள்ள பழைய தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், தொலைக்காட்சியை வைப்பவர்களுக்கு இடம் தாராளமாக இருக்கும், ஆனால் தொட்டியின் வழியாகவும் முன்வாசல் வழியாகவும் வரும் பகல் வெளிச்சம் திரையில் நேராக விழும். குறைந்த விலைப் பெட்டிகளின் வெளிச்சம் பொதுவாக 250 முதல் 350 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரையே இருப்பதால், வாசலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிய திரையில் பகல் முழுவதும் வாசல்தான் தெரியும். வாசலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவரே சரியான இடம்.

சுவர் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். செங்கல் சுவரில் சாதாரணப் பிளக் வைத்து ஸ்க்ரூ அடித்தால் போதுமானது. ஹாலோ பிளாக் சுவராக இருந்தால், உள்ளே வெற்றிடம் இருப்பதால், அதற்குரிய விரியும் ஆங்கர்களைப் பயன்படுத்தும்படி மாட்ட வருபவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். 55 அங்குலப் பெட்டி 10 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. மேசை மீது வைப்பதானால், பெரும்பாலான மாடல்களில் இரண்டு கால்களும் இரு ஓரங்களில் இருப்பதால், நான்கடி நீள மேசையாவது தேவைப்படும்.

வீட்டுக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி இதுதான். கடையில் ஓடும் படம் பென்டிரைவிலிருந்து வரும் உயர்தர 4கே காட்சி. கடலும் மீனும் கிளியும் பளிச்சென்று தெரிவதற்கு அதுவே காரணம். வீட்டிலோ, அப்பத்தா பார்க்கும் மதியத் தொடரும் அப்பாரு பார்க்கும் செய்தியும் கேபிள் வழியாகவோ டிடிஎச் வழியாகவோ சாதாரண எஸ்டி தரத்தில் வந்துகொண்டிருக்கும். எஸ்டி காட்சியின் அளவு 720க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. வந்து சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் இருபது புள்ளிகளைத் தொலைக்காட்சி தானாகவே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. இந்த ஊகத்தைச் செய்வது உள்ளிருக்கும் ப்ராசஸர்; விலையைக் குறைப்பதற்காக நிறுவனங்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. 'புது டிவியில் படம் பழசைவிட மங்கலாத் தெரியுதுங்க' என்று சர்வீஸுக்கு வரும் புகார்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. பெட்டியில் பழுது எதுவும் இருப்பதில்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அரசு கேபிளோ தனியார் கேபிளோ டிடிஎச்சோ, எச்டி செட்டாப் பாக்ஸுக்கு மாறி, வீட்டில் அதிகம் பார்க்கும் நாலைந்து சேனல்களையாவது எச்டியில் எடுத்துக்கொள்வது. அப்படி மாறினாலும், பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி வயரிலேயே பாக்ஸை இணைத்துவிட்டால் எச்டிக்குக் கொடுத்த பணம் வீண். எச்டிஎம்ஐ வயரில் இணைத்து, பாக்ஸின் செட்டிங்ஸில் வெளியீடு 1080 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வழி, எஸ்டி சேனல்களே போதும் என்னும் வீட்டில் 43 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது. மூன்றாவது, பெரிய திரையை வாங்கிச் சற்றுத் தள்ளி அமர்ந்து பார்ப்பது. இரண்டாவது வழியைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை என்றாலும், கேபிள் மட்டுமே பார்க்கும் முதியோர் இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு அதையே சொல்வேன்.

ஓடிடி, அதாவது இணையம் வழியாகப் படமும் தொடரும் தரும் செயலிகளைப் பார்க்கிறவர்கள் இணையத்தைக் கணக்கிட வேண்டும். 4கே காட்சிக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் தேவை என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. அந்தத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரையும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையும் செலவாகும். ஊருக்குள் ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டே அன்று. தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கோ, நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் ஒரு படத்தின் பாதிக்குக்கூடப் போதாது. மண்சுவரும் கருங்கல் சுவரும் தடிமனாக உள்ள வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடுத்த அறைக்கே சரியாகப் போய்ச் சேராது. ரவுட்டரைத் தொலைக்காட்சி உள்ள அறைக்கே மாற்றுவதோ, லேன் வயரை நேராக இழுப்பதோ மலிவான தீர்வு.

விளம்பரச் சொற்களில் எதற்குப் பணம் கொடுக்கலாம்

50 அங்குலத்துக்கு மேல் இன்று கிடைப்பவை ஏறக்குறைய அனைத்தும் 4கே என்பதால் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. 'எச்டிஆர்', 'டால்பி விஷன்' என்பவை வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் படமுறைகள்; அந்த முத்திரைகள் அத்தகைய சிக்னலைப் பெட்டியால் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை மட்டுமே சொல்கின்றன. அதை அதன் முழு ஒளியோடு காட்டுவதற்கு வேண்டிய வெளிச்சம் இந்த விலையில் கிடைப்பதில்லை. 'க்யூஎல்இடி' என்பது எல்இடி பின்விளக்கோடு குவாண்டம் டாட் படலத்தையும் சேர்த்த திரை. வண்ணம் நிச்சயமாகக் கூடுகிறது, ஆகவே அதற்காக இரண்டு மூன்றாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. பெயர் ஒத்திருப்பதால் ஓஎல்இடியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, அதன் விலையும் வேறு உயரத்தில் இருக்கிறது.

விளம்பரத்தில் அரிதாகவே சொல்லப்படுவதும், ஆனால் உண்மையில் படத்தைத் தீர்மானிப்பதும் பேனலின், அதாவது படத்தைக் காட்டும் திரைப்பலகையின், வகைதான். விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. விஏ பேனலில் கறுப்பு ஆழமாகத் தெரியும், இருட்டறையில் திரைப்படம் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனலில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வண்ணம் மாறாது, ஆனால் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். சோபாவில் இருவர், ஊஞ்சலில் ஒருவர், கீழே பாயில் பிள்ளைகள், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் என்று பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ் பொருத்தம். நேரெதிரே அமர்ந்து இரவில் படம் பார்க்கும் இருவருக்கு விஏ பொருத்தம். விற்பனையாளருக்கு இந்த விவரம் தெரியாவிட்டால் ஓடுகிற திரையை நேரே ஒரு முறையும் ஓரத்துக்கு நகர்ந்து நின்று ஒரு முறையும் பாருங்கள், பதில் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரே மாடலின் 43 அங்குலத்தில் ஒரு வகையும் 55 அங்குலத்தில் வேறு வகையும் இருக்கக்கூடும் என்பதால், வாங்கப்போகும் அளவையே பார்த்துச் சோதிக்க வேண்டும்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதில், இந்தப் பிரிவில் 60 ஹெர்ட்ஸ் வழக்கமானது. 120, 240 என்ற பெரிய எண்களை வேறு பெயர்களில் அச்சிட்டிருந்தால், பேனலின் உண்மையான எண் எது என்று விவரக் குறிப்பில் தேடுங்கள். விளையாட்டுக்கான கன்சோல் வீட்டில் இல்லையென்றால் 60 போதும்.

ஒலியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதே நல்லது. மெல்லிய பெட்டிக்குள் கீழ்நோக்கி வைத்த சிறிய ஸ்பீக்கர்களிலிருந்து, டைல்ஸ் தரையும் உயரமான கூரையும் கொண்ட ஹாலில், வசனம் எதிரொலித்துக் கலைந்துபோகும். பின்னாளில் ஒரு சவுண்டுபார் சேர்க்க வசதியாக, எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றிலாவது, தொலைக்காட்சியின் ஒலியைச் சவுண்டுபாருக்கு அனுப்பும் 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்டுபாருக்கு ஒன்று, மிச்சம் ஒன்று என்று மூன்று எச்டிஎம்ஐ துளைகள் இருப்பது உத்தமம்.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை, கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், அமேசானின் ஃபயர் டிவி ஆகியவற்றில் எதுவும் சரியே. ரேம் 2 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். பெயர் தெரியாத, உள்ளூரில் பூட்டிச் சேர்த்த பெட்டிகளில் கூகுளின் சான்று பெறாத ஆண்ட்ராய்டைப் போட்டு 'ஸ்மார்ட் டிவி' என்று விற்பதுண்டு. அவற்றில் ஓடிடி செயலிகள் சரியாக வேலை செய்யாது, அல்லது குறைந்த தரத்திலேயே ஓடும். சான்று பெற்ற பெட்டியும் மூன்று நான்கு ஆண்டுகளில் மந்தமாகலாம், ஆனால் சில ஆயிரம் ரூபாயில் எச்டிஎம்ஐ துளையில் ஓடிடி செயலிகளை ஓட்டும் ஒரு ஸ்டிக்கைச் செருகினால் அது சரியாகிவிடும். பேனலை அப்படி மாற்ற முடியாது. மென்பொருளுக்கும் பேனலுக்கும் இடையில் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் பேனலுக்குப் பணம் கொடுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மின்சாரமும் மின்னலும்

55 அங்குல எல்இடி பெட்டி 120 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாள்தோறும் 5 மணி நேரம் ஓடும்போது இரண்டு மாதங்களுக்கு 36 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுவதாலும், முதல் 100 யூனிட் இலவசம் என்பதாலும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறுவதாலும், அந்த எல்லையை ஒட்டி ஓடும் வீட்டுக்காரர்கள் நட்சத்திரக் குறியீட்டைக் கவனித்து வாங்குவது நல்லது. மற்றவர்களுக்கு இது பெரிய தொகை அன்று.

மோட்டார்களும் தறிகளும் ஓடும் பகுதிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது வேறு விஷயம். இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று பின்புறத்தில் எழுதியிருப்பார்கள், ஆகவே அழுத்தம் குறைவதால் கெடுதல் குறைவு; கரண்ட் போய்த் திரும்பி வரும் நொடியில் வரும் திடீர் ஏற்றமே போர்டைக் கருக்குகிறது. எர்த் சரியாக உள்ள பிளக்கும், திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டரும் கட்டாயம் தேவை. 240க்கு மேல் அடிக்கடி போகும் இடமானால் ஸ்டெபிலைசரும் வேண்டும். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். அதோடு டிஷ்ஷிலிருந்தோ கேபிள் கம்பத்திலிருந்தோ வரும் வயரையும் லேன் வயரையும் கழற்றிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கியும் பெட்டி போனதென்றால், மின்னல் பெரும்பாலும் அந்த வயர் வழியாகத்தான் வந்திருக்கும். மின்னலாலும் மின்னழுத்தத்தாலும் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி பொதுவாகச் செல்லாது.

சர்வீஸ் யார் வருவார்கள்?

கோவை மாநகரில் வசிப்பவருக்கு எந்த நிறுவனமானாலும் ஆள் வருவார். அந்தியூருக்கோ காங்கயத்துக்கோ தாராபுரத்துக்கோ அப்பால் தோட்டத்தில் வசிப்பவர் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, உங்கள் பின்கோடைச் சொல்லி, சர்வீஸ் உண்டா, எந்த ஊரிலிருந்து வருவார்கள், உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். தயக்கமான பதில் வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம், இரண்டாயிரம் மலிவு என்பதற்காக நிற்க வேண்டாம்.

வாரண்டி ஓராண்டு என்பது வழக்கம். பேனலுக்கு மட்டும் கூடுதல் காலம் தருபவர்களும் உண்டு. 'ஏனுங்க, பேனலுக்கு எத்தனை வருசமுங்க, எழுதித் தருவீங்களா?' என்று கேட்டு அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்கே என்பதால், வாரண்டி முடிந்தபின் பேனல் போனால் புதிய பெட்டி வாங்குவதே வழி. பின்விளக்கு எல்இடி பட்டை போனால் அப்படியில்லை, உள்ளூர் மெக்கானிக்கே குறைந்த செலவில் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

கடையிலும் ஆன்லைனிலும்

ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் ஆகிய காலங்களில் விலை இறங்கும். கோவை கிராஸ்கட் ரோட்டுக் கடையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், ஆன்லைன் விலையைக் கைப்பேசியில் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர் அதே விலைக்கு இறங்காவிட்டாலும் சுவர் ஸ்டாண்டையும் மாட்டும் கூலியையும் சேர்த்துக் கொடுக்க வாய்ப்புண்டு. 'வட்டியில்லாத் தவணை' என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று முதலில் கேட்டு, பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அட்டைப்பெட்டியில் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்த பெட்டியானால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் பெட்டியில் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்க முடியும்.

கடையில் சோதிக்க, உங்கள் கைப்பேசியில் எடுத்த குடும்ப வீடியோவையும் ஒரு பழைய படத்தின் பாட்டையும் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். முகத்தின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்பதை நம் வீட்டு மனிதர்களின் முகத்தில் பார்த்தால் உடனே தெரியும். ஒரே சாம்பல் நிறப் படம் ஒன்றையும் வைத்துக்கொண்டால் திரையில் உள்ள கறை போன்ற நிழல்கள் அகப்படும்.

சீர் கொடுப்பதற்காக வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, மண்டபத்தில் சீர்வரிசையோடு அடுக்கி, பிறகு மாப்பிள்ளை வீட்டில் பிரிக்கும்போது திரையில் கீறலோ கோடோ இருந்தால், சேதத்தைத் தெரிவிக்கும் கெடு எப்போதோ கடந்திருக்கும்; வாரண்டியும் பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். பணத்தை முன்பே கட்டிவிட்டு, பில் போடுவதையும் டெலிவரியையும் கல்யாணத்தை ஒட்டி வைத்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

பெட்டியை நிமிர்த்தி வைத்தே கொண்டுவர வேண்டும், படுக்கவைத்தால் குழியில் குதிக்கும்போது பேனல் விரிசல் விடும். ஆகவே காரின் பின்சீட்டில் திணிக்காமல் மினி ஆட்டோ பிடிப்பதே சரி. பிரிப்பதைத் தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். திரையின் நடுப்பகுதி அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் மூன்றரை அடிக்கு, வரும்படி மாட்டச் சொல்லுங்கள். சாமி படத்துக்குச் சமமாக உயரத்தில் மாட்டினால் கழுத்து வலிக்கும்.

மாட்டியவுடன் செட்டிங்ஸைத் திறந்து, கடைக்கான மோடிலிருந்து வீட்டுக்கான மோடுக்கு மாற்றுங்கள். படத்தின் மோடை 'டைனமிக்', 'விவிட்' என்பவற்றிலிருந்து 'சினிமா' அல்லது 'மூவி' என்பதற்கு மாற்றினால் முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும், பின்பு அதுவே இயல்பாகிவிடும். அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கித் திரைப்படத்தைத் தொடர் போலக் காட்டும் மோஷன் வசதியை அணைத்துவிடலாம். கிரிக்கெட்டுக்கு மட்டும் சற்று வைத்துக்கொள்ளலாம். பின்விளக்கை நூற்றுக்கு எழுபது, எண்பது அளவுக்குக் குறைத்துவைத்தால் எல்இடி பட்டைகள் நெடுநாள் உழைக்கும், மின்சாரமும் மிச்சமாகும்.

வாரண்டியை நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்து, பில்லைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கடைத் தாளில் அச்சான எழுத்து ஓராண்டுக்குள் மங்கிவிடும். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரையாவது பரணில் போட்டு வையுங்கள். கடையோ நிறுவனமோ பேச்சு மாறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லையும் வீடியோவையும் வைத்துக்கொண்டு புகாரைப் பதிவு செய்யலாம்.